கட்புலனாகாத ஒளி

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்குப் பயன்படும் வகையில் விஞ்ஞானப் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் என்னைப் பணித்தார்கள். நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். விஞ்ஞானப் பட்டதாரி அல்லன். ஆகவே வரலாறு படித்தவன் நடக்கும் பாதையிலேயே வானத்தை நோக்கிச் செல்லலாம் என்று கருதுகிறேன். அந்தப் பாதை நம்முடைய சீமையில், ஒரு பஞ்சத்தில் தொடங்குகிறது.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் வீட்டு முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876இல் மழை பொய்த்து, 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பெரும் பஞ்சம் அது. தருமபுரி அந்நாளில் சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. தனி மாவட்டமானது 1965இல்தான். மிகக் கொடுமையாகத் தாக்குண்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. நிலமற்ற கூலி மக்களும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருமே முதலில் மாண்டனர். நிவாரண வேலையில் கல்லும் மண்ணும் சுமந்தவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர் விதித்தார். தானியமோ அப்போதும் துறைமுகங்களில் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது.

இத்தனைக்கும் பின்னர், பஞ்சத்தின் காரணத்தை ஆட்சியாளர்கள் வானத்திலும் தேடத் தலைப்பட்டனர். சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் தோன்றி மறைவதுண்டு. ஏறத்தாழப் பதினோர் ஆண்டுகளுக்கொரு முறை அவை பெருகும், பின் குறையும். இந்தச் சுழற்சிக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என அந்நாளில் பலர் நம்பினர். அதனால் சூரியனை நாள்தோறும் ஆராயும் நிலையம் வேண்டும் என்ற பரிந்துரை எழுந்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிவந்த வானாய்வு நிலையத்தின் பணி, 1899இல் கொடைக்கானல் மலைக்கு மாற்றப்பட்டது இவ்வாறுதான். அடுத்த ஆண்டின் மழையை முன்கூட்டியே சொல்லும் கணக்கு அங்கிருந்து கிடைக்கவில்லை. (பஞ்சத்தின் காரணத்தைச் சூரியனில் தேடியவர்கள், கப்பலேறிய தானியத்திலும் அதே முனைப்புடன் தேடியிருக்கலாம் என்பது என் கருத்து.) ஆயினும் நட்டு வைத்த கருவி வேறொரு கனியைத் தந்தது. அதைச் சொல்வதற்கு முன், ஒளியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும்.

சூரியன் பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. அங்கே போய் ஒரு பிடி எடுத்துவந்து சோதிக்க இயலாது. அங்கிருந்து நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஒளி மட்டுமே. ஆகவே வானத்தைப் படிப்பது என்பது ஒளியைப் படிப்பதுதான். வெள்ளொளியை முப்பட்டகக் கண்ணாடியின் வழியே செலுத்தினால் வானவில்லின் நிறங்கள் பிரிந்து விழுகின்றன. இதையே நிறமாலை என்கிறோம். ஜெர்மனியில் சாளரக் கண்ணாடி பதிப்பவரின் மகனாகப் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, கண்ணாடிப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்த ஃபிரான்ஹோஃபர் என்பவர், 1814இல் சூரியனின் நிறமாலையை உற்று நோக்கினார். அதன் குறுக்கே ஐந்நூறுக்கு மேற்பட்ட கரிய கோடுகள் இருப்பதைக் கண்டு அவற்றை அளந்து குறித்தார். அக்கோடுகள் யாவை என்பது அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளைப் பதிக்கிறது, மனிதனுக்குக் கைரேகை போல, என்பதைக் கிர்க்காஃப், புன்சன் என்னும் இருவர் 1859இல் நிறுவினர். அன்றுமுதல் சூரியனில் இரும்பு உண்டு, சோடியம் உண்டு, கால்சியம் உண்டு என்று இங்கிருந்தபடியே சொல்ல முடிந்தது.

இனி, கண் காணாத ஒளிக்கு வருவோம். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியலார், நிறமாலையின் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார். ஊதாவில் பாதரசம் சற்றே ஏறியது. பச்சையில் கூடுதலாக ஏறியது. சிவப்பில் இன்னும் கூடுதலாக ஏறியது. பிறகு சிவப்பையும் கடந்து, நிறமே விழாத வெற்றிடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்குதான் எல்லாவற்றினும் அதிகமாக ஏறிற்று. கண்ணுக்கு அங்கே ஒன்றுமில்லை; வெப்பமானிக்கோ அங்குதான் மிகுதி. இதுவே அகச்சிவப்புக் கதிர். மறு ஆண்டே, ஊதாவுக்கு அப்பாலும் ஒளி உண்டு என்பதை வெள்ளி உப்பு கறுப்பதைக் கொண்டு ரிட்டர் என்பவர் காட்டினார். அது புற ஊதாக் கதிர். வீட்டில் தொலைக்காட்சி இருப்பவர்கள் இன்றிரவே ஒன்று செய்து பார்க்கலாம். அதன் தொலை இயக்கியின் முனையைக் கைப்பேசியின் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, திரையில் வெண்புள்ளியாக மின்னுவதைப் பெரும்பாலான கைப்பேசிகளில் காணலாம்.

பின்னர் வந்தோர் இந்த வரிசையை இரு பக்கமும் நீட்டிக்கொண்டே சென்றனர். சிவப்புக்கு அப்பால் அகச்சிவப்பு, அதற்கும் அப்பால் வானொலி அலைகள். ஊதாவுக்கு அப்பால் புற ஊதா, எக்ஸ் கதிர், காமா கதிர். எல்லாம் ஒரே குலம். எல்லாம் மின்காந்த அலைகளே. வேறுபாடு அலைநீளத்தில் மட்டுமே. ஆர்மோனியத்தை எண்ணிப் பாருங்கள். நம் காது ஏறத்தாழப் பத்து ஸ்தாயிகளைக் கேட்கவல்லது. கண்ணோ 400 நானோமீட்டர் முதல் 700 நானோமீட்டர் வரை, அதாவது ஒரு ஸ்தாயியைக்கூட முழுமையாகக் காண இயலாதது. வானமாகிய ஆர்மோனியம் எண்ணற்ற ஸ்தாயிகளில் ஒலித்துக்கொண்டிருக்க, நாம் நடுவில் ஏழெட்டுக் கட்டைகளை மட்டும் கேட்டுவிட்டு, பாட்டு முழுவதையும் கேட்டதாக எண்ணிக்கொண்டிருந்தோம்.

கொடைக்கானலுக்குத் திரும்புவோம். அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சூரியனை ஒரு தனி முறையில் புகைப்படம் எடுத்துவந்தனர். ஊதா நிறத்தின் ஓரத்தில் கால்சியம் பதிக்கும் 'கே' கோடு என்ற ஒன்றுண்டு. அந்த ஒரு கோட்டின் ஒளியை மட்டும் வடித்தெடுத்துப் படமெடுத்தால், சூரியனின் மேலடுக்கு வரைபடம்போல் தெரியும். நூறாண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்த அத்தகைய படத்தொகுப்பு உலகில் அரிது. ஆனால் அந்தக் கோட்டில் ஒரு புதிர் இருந்தது. அனைத்தினும் இலேசான ஹைட்ரஜனையும் மிஞ்சி, அதைவிட நாற்பது மடங்கு கனமான கால்சியம், சூரியனின் மிக உயர்ந்த அடுக்கில் தன் கோட்டை ஆழமாகப் பதித்திருந்தது. கனமான பொருள் மேலே மிதப்பதெங்ஙனம்?

விடை கண்டவர் மேகநாத் சாகா. இந்தப் பெயரை மாணவர்கள் தனியே எழுதிக்கொள்ள வேண்டும். 1893இல் இன்றைய வங்கதேசத்தில், டாக்கா அருகே சியோராதலி என்னும் கிராமத்தில், சிறு பெட்டிக்கடைக்காரருக்கு மகனாகப் பிறந்தவர். தொடக்கப் பள்ளிக்குமேல் படிக்கவைக்கக் குடும்பத்துக்கு வசதியில்லை. தொலைவிலிருந்த பள்ளியில் சேர, அவ்வூர் மருத்துவர் ஒருவர் உணவும் இடமும் கொடுத்தார். தன் தட்டைத் தானே கழுவ வேண்டும், வீட்டுப் பசுவையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. 1905இல் ஆளுநர் வருகையைப் புறக்கணித்த மாணவருடன் சேர்ந்தார் என்று டாக்கா பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு உதவித்தொகையையும் இழந்தார். மாநிலக் கல்லூரியில் படிக்கக் கல்கத்தா சென்றபோது, தங்கியிருந்த விடுதியில் சக மாணவர் சிலர் அவருடன் ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ண மறுத்தனர். கலைமகள் பூஜையில் கலந்துகொள்ளவும் விடவில்லை. கல்வித் தெய்வத்தின் பூஜையில், அவ்விடுதியின் தலைசிறந்த மாணவர்களுள் ஒருவருக்கு இடமில்லை! சாகா வகுப்பாரின் நிலையும் நம்முடைய நிலையும் ஒன்றென்று நான் சொல்லவரவில்லை. அவர்கள் சிறு வணிகர். ஆயினும் அந்தச் சாப்பாட்டுக் கூடத்தை நம் மாணவர்களுக்கு நான் விளக்கிச் சொல்லவேண்டிய தேவையில்லை.

1920இல், இருபத்தாறு வயதில், சாகா தம் கட்டுரையை வெளியிட்டார். கருத்து எளியது. கடும் வெப்பத்தில் அணு தன் எலெக்ட்ரான் ஒன்றை இழந்து அயனியாகிறது. 'கே' கோடு முழுக் கால்சியம் அணுவின் கோடன்று; எலெக்ட்ரான் இழந்த கால்சியத்தின் கோடு. எத்தனை அணுக்கள் அயனியாகும் என்பதை வெப்பம் மட்டும் முடிவு செய்வதில்லை. அழுத்தமும் முடிவு செய்கிறது. இதை நம் ஊர் வழக்கில் சொல்கிறேன். நெருக்கமான தெருவில் கட்டவிழ்ந்த கன்றுக்குட்டியை நாலு வீடு தாண்டுவதற்குள் யாரேனும் பிடித்துக் கட்டிவிடுவார்கள். ஆளரவமற்ற மேய்ச்சற் காட்டில் அவிழ்ந்தால் அது திரிந்துகொண்டேதான் இருக்கும். சூரியனின் மேலடுக்கு அந்த மேய்ச்சற் காடு. வாயு மிக மெலிந்திருப்பதால், விடுபட்ட எலெக்ட்ரானை மீண்டும் பிடித்துக்கொள்ள அணுக்களுக்கு வாய்ப்புக் குறைவு. கால்சியம் எளிதில் எலெக்ட்ரானை விடுவது. ஆகையால் அதன் அயனிக் கோடு அங்கே வலுத்துத் தெரிகிறது. ஹைட்ரஜனின் கோடு மங்கலாக இருப்பதனால் ஹைட்ரஜன் குறைவென்று பொருளாகாது.

இவ்வொரு சமன்பாட்டினால் விண்மீன்களின் நிறமாலையைக் கொண்டே அவற்றின் வெப்பநிலையை அறிய முடிந்தது. சூரியப் புள்ளிகள் சற்றே குளிர்ந்தவை. ஆதலால் பிற இடங்களில் தென்படாத ருபீடியத்தின் கோடுகள் அங்கே தென்படும் என்று சாகா முன்னுரைத்தார். அமெரிக்க வானியலார் ரஸல் தேடினார், ருபீடியம் இருந்தது. 1925இல் சிசிலியா பெய்ன் என்ற இளம்பெண், சாகாவின் சமன்பாட்டைக் கைக்கொண்டு கணக்கிட்டு, விண்மீன்களில் மிக மிகுதியாக உள்ள பொருள் ஹைட்ரஜனே என்று கண்டார். பெரியவர்கள் ஏற்கவில்லை. அவர்கள் சொற்படி, தம் முடிவு உண்மையாக இருக்க இயலாது என்று தம் ஆய்வேட்டிலேயே எழுதவேண்டியதாயிற்று. நான்கே ஆண்டுகளில் அதே பெரியவர்கள் வேறு வழியாக அதே முடிவுக்கு வந்தனர்.

சாகா அத்துடன் நிற்கவில்லை. நம் காற்று மண்டலம் ஒரு கூரை. அதில் அகன்ற சாளரங்கள் இரண்டே: கண் காணும் ஒளிக்கு ஒன்று, வானொலி அலைகளுக்கு ஒன்று. அகச்சிவப்பில் சில கீற்றுகள் வழியே மட்டும் ஒளி இறங்குகிறது. புற ஊதாவின் பெரும்பகுதி, எக்ஸ் கதிர், காமா கதிர் ஆகியவற்றைக் கூரை தடுத்துவிடுகிறது. தடுப்பதால்தான் நாம் உயிர் வாழ்கிறோம். ஆனால் வானியலாருக்கு அது தடை. நாற்பது கிலோமீட்டர் உயரத்துக்குமேல் கருவியைக் கொண்டு சென்றால் சூரியனின் புற ஊதா நிறமாலையைப் பதியலாம் என்று 1937இல் சாகா எழுதினார். அந்நாளில் அது கனவுபோல் தோன்றியிருக்கும். 1946இல் அமெரிக்காவில் ஏவப்பட்ட ராக்கெட் ஒன்று அதைச் செய்துகாட்டியது. சாகா 1956 வரை வாழ்ந்தார். இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் 2015 செப்டம்பர் 28 அன்று புற ஊதாத் தொலைநோக்கியுடனும் எக்ஸ் கதிர்க் கருவிகளுடனும் ஏவப்பட்டது. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்-1, பதினைந்து இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று, கூரையே இல்லாத இடத்திலிருந்து, சூரியனைப் புற ஊதாவில் படமெடுக்கிறது. அத்திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகார் சாஜி, நம் தமிழ்நாட்டுச் செங்கோட்டையைச் சேர்ந்தவர். அதன் முதன்மைக் கருவியைச் சமைத்த ஆய்வுக்கூடம், ஓசூரைக் கடந்தால் அதிகத் தொலைவில்லாத ஓசகோட்டையில் உள்ளது.

வானொலிச் சாளரத்துக்கு உரிய கருவி நீலகிரியில் முத்தொரையில் இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா ஆய்வு நிறுவனத்தார் 1970இல் கட்டி முடித்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். தொலைநோக்கி என்றதும் குழாயை நினைத்துக்கொள்ளாதீர்கள். இருபத்துநான்கு பெரிய எஃகுச் சட்டங்களின்மேல், துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் ஆயிரத்து நூறு, கொடிபோல் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்பட்டுள்ளன. கம்பிகளுக்கு நடுவே இடைவெளி உண்டு; அது எப்படிக் கண்ணாடியாகும்? அது வாங்கும் அலையின் நீளம் ஏறத்தாழ 92 சென்டிமீட்டர். பெரிய மீனுக்குப் பெரிய கண்ணுள்ள வலை போதாதா? அதுபோலத்தான்.

ஊட்டியை ஏன் தேர்ந்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அவ்விடம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழப் பதினொரு பாகையில் உள்ளது. வடக்குத் தெற்காக அதே பதினொரு பாகை சரிந்த மலைச்சரிவு ஒன்றைத் தேடிப் பிடித்தனர். அச்சரிவில் கிடத்திய கருவியின் அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. அப்புறம் கருவியை ஒரே அச்சில் மெல்லச் சுழற்றினாலே போதும். வானத்துப் பொருளொன்றை ஒன்பது மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து நோக்கலாம். வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்து நிறுத்தியதன்று. இங்கேயே திட்டமிட்டு, இங்கேயே கட்டியது. நிலத்தின் சாய்வை அறிந்து கட்டுவது, ஏரிக்கரையும் கிணறும் வெட்டிய நம் மக்களுக்குப் புதிய அறிவன்று.

ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். கருவியின் அளவு அலைநீளத்தைவிட எத்தனை மடங்கு என்பதைப் பொறுத்ததே பார்வையின் கூர்மை. அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள ஊட்டிக் கருவி, தன் அலையைவிட ஏறக்குறைய 580 மடங்குதான் பெரியது. ஐந்து மில்லிமீட்டர் அகன்ற நம் கண்மணி, ஒளியின் அலையைப்போல் ஒன்பதாயிரம் மடங்கு! கூர்மையில் அந்தப் பூதம் நம் கண்ணுக்குத் தோற்கும். அதனால் அவர்கள் சந்திரனைத் துணைக்கு அழைத்தனர். சந்திரனின் விளிம்பு வானொலி மூலமொன்றை மறைக்கும் கணத்தையும், விடும் கணத்தையும் துல்லியமாக அளந்தால், அதன் இடமும் பருமனும் தெரிந்துவிடும்.

கடைசியாக, நமக்கு மிக அருகிலிருப்பது. திருப்பத்தூர் சென்று, ஆலங்காயம் வழியே சவ்வாது மலை ஏறினால் காவலூர். வைணு பாப்பு என்னும் வானியலார், ஊர் விளக்குகளுக்குத் தொலைவில், இருண்ட வானத்தைத் தேடி இவ்விடத்தைக் கண்டார். 1968இல் அங்கே முதலில் வைத்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி, கொடைக்கானல் பட்டறையில் தம் ஆட்களைக் கொண்டே செய்தது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி ஜெர்மனியிலிருந்து வந்தது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பது 1977 மார்ச் 10 அன்று தெரியவந்தபோது, அந்நிகழ்வை நோக்கிப் பதிவு செய்த இடங்களுள் காவலூரும் ஒன்று. 2.34 மீட்டர் தொலைநோக்கியோ பாப்புவின் பெருங்கனவு. அது முடிவதற்குள், 1982இல், அவர் காலமானார். அதன் ஆடி பெங்களூரிலேயே தீட்டி மெருகேற்றப்பட்டது. ஊட்டிக்குக் கம்பி வலை போதும். ஒளிக்கோ, அலையின் நீளத்தில் சிறு பின்னம் அளவுகூட மேடுபள்ளம் ஆகாது. தேய்ப்பதும் சோதிப்பதும் மீண்டும் தேய்ப்பதுமாக நடந்த நீண்ட வேலை அது. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்து, பாப்புவின் பெயரைச் சூட்டினார். இரவில் விரிந்த நம் கண்மணியைவிட ஒரு இலட்சம் மடங்குக்குமேல் ஒளியைத் திரட்டவல்லது அது.

இத்தனை அருகில் இருந்தும், நம் குடியிருப்புகளில் காவலூரைப் பார்த்த மாணவர் எத்தனை பேர் என்று சென்ற மாதம் எங்கள் பள்ளியில் கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை. அம்மலைக்குத் தேன் எடுக்கவும் மரம் வெட்டவும் போன தந்தையர் உண்டு. தொலைநோக்கியைப் பார்க்கப் போன பிள்ளை இல்லை. சில ஆண்டுகளுக்குமுன் பத்தாம் வகுப்பில் கணக்கில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற எங்கள் மாணவி ஒருத்தி, பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் முதல் பிரிவு கேட்டாள். "உங்களுக்கெல்லாம் பௌதிகம் ஏறாது, தொழிற்பிரிவு எடுத்துக்கொள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். செங்கல் சூளையில் வேலை செய்யும் அவள் தந்தையும் நானும் மூன்று நாள் நடந்தோம். இடம் கிடைத்தது. இப்போது அவள் கல்லூரியில் பௌதிகம் படிக்கிறாள். மூன்று நாள் நடக்க ஆளில்லாத பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை இங்குள்ள ஆசிரியர்கள் அறிவார்கள். பெற்றோரே, அடுத்த ஜூன் மாதம் அப்படி எந்தப் பள்ளியிலேனும் சொன்னால், பிள்ளையை வேறு பிரிவில் சேர்த்துவிட்டு வந்து என்னிடம் வருந்தாதீர்கள். சேர்ப்பதற்குமுன் கழக அலுவலகத்துக்கு வாருங்கள்.

காவலூரில் குறிப்பிட்ட நாள்களில் பொதுமக்களையும் அனுமதித்து வந்திருக்கிறார்கள். அனுமதி கேட்டு எழுதச் செயலாளர் இசைந்துள்ளார்; மழைக்காலம் கழிந்து வானம் தெளிந்ததும், இருபது மாணவர்களை அழைத்துச் செல்லலாம். அதற்குமுன், வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் பள்ளி முற்றத்தில் ஹெர்ஷலின் சோதனையைச் செய்யவிருக்கிறோம். முப்பட்டகம் ஒன்றும் வெப்பமானி நான்கும் வாங்கியாகிவிட்டது. வெப்பமானிக் குமிழ்களுக்குக் கறுப்பு மை பூசவேண்டும். நிழலுக்கு ஓர் அட்டைப் பெட்டி வேண்டும். பெட்டியை யாராவது ஒருவர் கொண்டுவாருங்கள். வானம் மூடியிருந்தால் அடுத்த சனிக்கிழமை.